மாட்டேன் என்று சொன்ன காலை

எட்டாம் மாசத்தில் என் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டவில்லை; பெண் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அம்மா இல்லை. ஓசூரில் எங்கள் வாடகை வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். பால் வற்றுவதற்காக மாமியார்தான் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்.

ஊரில் எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம் அது. என் கணவர் மோட்டார் சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாலைந்து மாசம் போயிருக்கும், மாமியார் தன் மகளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்.

“நம்ம ஊரு கல்லாவியில திடீர்னு வலி வந்தா வண்டிக்கு எங்க ஓடறது? இங்கன்னா ஆஸ்பத்திரி பக்கம்” என்றார். நியாயமான காரணம்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாமியாருக்கு மூட்டுவலி, காலை நீட்டி உட்கார முடியாது. அதனால் குழந்தையைக் குளிப்பாட்டுவது என் வேலையானது.

“தொட்டுத் தூக்கினா உன் மனசும் ஆறும்மா” என்றார்.

ஆறவில்லை. பத்தியச் சமையல், துணி, வெந்நீர் என்று நாள் போனது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தெருக்குழாயில் எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்கா தினமும் “ஊட்டா ஆயிதா?” என்று கேட்பார். நானும் சாப்பிட்டாயிற்று என்பேன். ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு, கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. குடத்தை அப்படியே விட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் களியும் சாறும் கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த சில நாளில் அது நடந்தது. காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது, குழந்தை தலையைத் திருப்பி என் மார்பைத் தேடி வாயைக் குவித்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. வற்றிப்போனது என்று நினைத்திருந்த பால்.

குளிப்பாட்டி முடித்து, துவட்டி, நாத்தனாரிடம் கொடுத்தேன். உள்ளே போய் ரவிக்கை மாற்றினேன். வெளியே வந்து சொன்னேன்: “அத்தை, சமைக்கிறேன், துவைக்கிறேன். நாளையில இருந்து குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டேன்.”

“பச்சைக் குழந்தைமேல என்னடி கோவம் உனக்கு?”

“கோவம் இல்லைங்க. என்னால முடியல.”

“வயித்தெரிச்சல்னு சொல்லு.”

நாத்தனார் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு அறைக்குள் போனாள். மாமியார் சொன்னதைவிட அதுதான் வலித்தது.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கக் கூடாதா?” என்றார் கணவர். ரவிக்கை நனைந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அந்த வாரமே அம்மாவையும் தங்கையையும் கல்லாவிக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்து என்னோடு வெகுநாள் சரியாகப் பேசவில்லை.

காலியான வீட்டில் மத்தியானம் படுத்துத் தூங்கக் கற்றுக்கொண்டேன். அவருக்கு டிபன் கட்டுவதற்கு முன்னால் நான் சூடாகச் சாப்பிட்டேன். அப்புறம் ஊருக்கு வெளியே ஏற்றுமதி ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று வைத்துக்கொண்டேன். உடம்பு தேறியது. மனசு அவ்வளவாகத் தேறவில்லை.

அந்தக் குழந்தைக்குக் கல்லாவியில் காதுகுத்து வைத்தபோது மாமியார், முந்தின நாளே வந்து வேலை பார்க்கச் சொன்னார். “விசேஷத்தன்னிக்குக் காலையில வரேங்க, அத்தை” என்றேன். போனேன். நான் நுழைந்ததும் சொந்தக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நாத்தனார் குழந்தையைத் தூக்காமல் வெறுங்கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணி, பாப்பாவுக்கு என்ன பேரு நெனச்சிருந்தீங்க?”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். அவள் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, மத்தியான பஸ்ஸிலேயே ஓசூர் திரும்பினேன். அந்தப் பேரை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகும் யாரும் சொன்னதில்லை.