மூன்றும் எட்டும்

அந்த உள்ளூர் கேபிள் சேனலில் செய்திக்கு எழுத்தும் படமும் போடும் அவளை எல்லோரும் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் எழுத்தின் ஓரம் மயிரிழை மங்கினாலும் அவளுக்குக் கண்ணை உறுத்தும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அதிலுள்ள எழுத்து குழம்பித்தான் போகும், புதிதாக அடிப்பதே முறை என்று பதினோரு வருடமாக ஓதிக்கொண்டிருந்தாள்.

மதியச் செய்திக்கு நாலு நிமிடம் இருக்கையில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். நினைவு தடுமாறும் அவளுடைய அப்பா காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. கைப்பேசியில் ஒரு அறிவிப்புப் படம் வைத்திருந்தாள். பெயர், வயது, ஃபோன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தன. பத்துப் பேர் கைமாறியதில் அது தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“நம்பரைத் தனியா அடிச்சிடறேன் சார்,” என்றாள் ஊசி.

“படிக்க முடியுதுல்ல? இழுத்துப் போட்டு விடும்மா,” என்றார் செய்திப் பொறுப்பாளர்.

இழுத்தாள். எண்கள் பஞ்சுபோல் உப்பின. அப்படியே விட்டாள். மறுநாள் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் வேறு வேலை வந்து கழுத்தைப் பிடித்தது. மூன்று நாளும் அதுவே ஓடியது.

மூன்றாம் நாள் மாலை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் பெரியவரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு தையல்காரர் சேனலுக்கு வந்தார்.

“டிப்போ பின்னால ஒரு பெரியவர் உக்காந்திருக்காருன்னு எனக்கு நாலு ஃபோன் வந்துச்சும்மா. ராங் நம்பர்னு வெச்சுட்டேன். நேத்து ஒருத்தர் கூப்பிட்டு, பெத்த அப்பனை இப்படிச் சாக விட்டியேன்னு திட்டறாரு. டிவில பார்த்த நம்பராம்.”

ஊசி அந்த அறிவிப்பு ஓடிய வீடியோத் துண்டை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். நம்பரின் கடைசி இலக்கமான மூன்று, இடப்பக்கம் அடைத்துக்கொண்டு எட்டாகியிருந்தது. தையல்காரரின் நம்பர் எட்டில் முடிந்தது.

“கிணத்துல போட்ட கல்லா இருக்கட்டும்,” என்றார் பொறுப்பாளர், தையல்காரர் போனபிறகு.

இரண்டு நாள் கழித்து ஊசி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள்.

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நாலு பேரு அவரை உசிரோட பார்த்திருக்காங்க.”

“ஆமாங்க.”

“தேடினேன், கிடைக்கலைன்னு மனசைத் தேத்திட்டிருந்தேன். இதை எதுக்குங்க வந்து சொன்னீங்க? உங்க பாரத்தை இறக்கி வைக்க என் தலைதானா கிடைச்சுது?”

கதவு சாத்திக்கொண்டது.

ஊசி வேலையை விடவில்லை. விட்டுவிட்டுப் போக இடமும் இல்லை. இப்போதெல்லாம் எந்த நம்பரையும் அவளே பெரிதாக அடித்து, திரையைப் பார்த்தே அதற்கு ஒருமுறை ஃபோன் போட்டுப் பேசிவிட்டுத்தான் ஓட விடுகிறாள். பொறுப்பாளர் அவளிடம் அவசரம் என்று சொல்வதில்லை.

ஒருநாள் மருந்துக்கடையில் அந்தப் பெண் ஊசியின் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் அவரவர் மருந்துச் சீட்டை நீட்டினார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.