கதிரை இருக்கும் பக்கம் கிழக்கு

அந்தக் கட்டடத்தை எனக்குப் பிடிக்காது. அங்கே வேலைக்குப் போவதற்கு முன்பும் பிடித்ததில்லை. கண்டி டவுனிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், ஒரு வளைவில் நிற்கிறது. வெள்ளைச் சுவர், முன்னால் இரண்டு தூண். ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் கூடக் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் சாந்தால் சட்டம் மட்டும் இழுத்துவிட்டு, நடுவை மூடிப் பூசியிருக்கிறார்கள். நான் தரைக்கு டைல் பதிக்கிறவன். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அதை யாருக்காகக் கட்டினார்கள் என்று எனக்கு ஓரளவு விளங்கும். கடையைச் சாமான் வாங்க வருகிறவனுக்காகக் கட்டுகிறார்கள். வீட்டை இருக்கிறவனுக்காகக் கட்டுகிறார்கள். இதை வெளியே நிற்கிறவனுக்கு முதுகைக் காட்டுவதற்காகவே கட்டியிருந்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அதைப் பேய் பங்களா என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் மாதம் ஒரு தடவை காரில் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார்களாம். அது பிறீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் மண்டபம் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. துரைமார் கப்பலேறிப் போன பிறகு, நம் நாட்டுப் பெரிய மனிதர்கள் அதே கதிரைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். கதவு மட்டும் பழையபடி சாத்தியே இருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் அந்த மண்டபத்தின் நடுத்தரை ஈரம் ஊறி எழும்பிவிட்டது. அலவத்துகொடயில் இருக்கும் ஒரு கொந்தராத்துக்காரர் அந்த வேலையை எடுத்தார். அவர் எனக்குப் போன் செய்தார். கைவேலைக்காரனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பாஸ், கறுப்பு வெள்ளை டைல், கட்டம் கட்டமா. சனிக்கிழம அவங்களுக்குக் கூட்டம் ஈக்கி, அதுக்குள்ள முடிக்கணும். நடுவுல ஒரு பழைய கல் வரும். அதோட தலைப்பக்கம் கெழக்கப் பாத்து ஈக்கணுமாம். வேற ஒண்டும் கேக்காதீங்க, அவங்க வெளக்கம் சொல்ல மாட்டாங்க.”

கேட்க வேண்டாம் என்று சொன்னால் எனக்கு நிம்மதிதான். பெரிய மனிதர்களிடம் ஒரு சொல் கேட்பதைவிட ஒரு மூட்டை சீமெந்து தூக்குவது எனக்கு லேசு.

நான் போனபோது பழைய டைல்களைப் பெயர்த்து அள்ளியிருந்தார்கள். அந்தக் கல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்பு அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நல்ல பளிங்கு, இரண்டு அடிச் சதுரம். அதில் ஒரு கவராயமும் ஒரு மூலைமட்டமும் செதுக்கியிருந்தது. மூலை சரியா என்று பார்க்க என் பைக்குள் கிடக்கும் அதே மூலைமட்டம். வாழ்நாளில் அதைக் கையால் தொட்டிராதவர்கள் அதைத் தங்கள் சின்னமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது என் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது.

அங்கே ஒரு வாட்சர் இருந்தான். எங்கள் பக்கத்து ஆள்தான், வயதில் எனக்கு இளையவன். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைச் சீண்டிக்கொண்டிருப்பான்.

“அண்ணே, உள்ளுக்க பாத்ததை வெளியில சொன்னா நாக்கை அறுத்துருவாங்க.”

“நான் எங்கப்பா பேசுறேன்?”

“அதான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க.”

மண்டபத்தின் ஒரு கோடியில் மூன்று படி உயரத்தில் ஒரு பெரிய கதிரை இருந்தது. தூசி படாமல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு இடது பக்கச் சுவரின் உச்சியில் சின்னக் காற்றுத் துவாரங்கள் இருந்தன. காலையில் தெல்தெனியப் பக்கத்திலிருந்து ஏறும் வெயில் அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் உள்ளே விழுந்தது. அப்படியானால் அதுதான் கிழக்கு. இதில் ஒருவரைக் கேட்க என்ன இருக்கிறது? நூல் பிடித்தேன், மட்டம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கல்லின் தலையை வெயில் வரும் சுவருக்கு நேராக வைத்துப் பதித்து, சுற்றி டைல்களை ஒட்டினேன். இரு கல்லுக்கு நடுவே நகம் நுழையாது.

சனிக்கிழமை காலை மிச்ச வேலைக்குப் போனபோது உள்ளே ஒரு பெரியவர் நின்றார். சங்கத்தின் காரியதரிசி, யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வாட்சர் சொல்லியிருந்தான்.

“ஆரப்பா இந்தக் கல்லை வைச்சது?”

“நாந்தாங்க ஐயா.”

“கிழக்கு எது எண்டு தெரியாதோ உமக்கு? பள்ளிக்கூடப் பக்கம் போனனீரோ?”

ஐந்தாம் வகுப்பு வரை போனேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெயில் வரும் சுவரைக் கையால் காட்டினேன். அப்போதும் அந்தத் துவாரங்கள் வழியாக வெயில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

“அந்தப் பக்கந்தாங்க ஐயா கிழக்கு. வெயில் வருது பாருங்க.”

அவர் துவாரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெளியில இருக்கிற கிழக்கு எங்களுக்குத் தேவையில்லை. இஞ்ச தலைவரின்ர கதிரை இருக்கிற பக்கம்தான் கிழக்கு. உலகம் முழுக்க அப்பிடித்தான். பாரும்.”

சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. எல்லாம் அவர்களுடைய கட்டடங்கள், பல நாடுகளில் உள்ளவை. ஒன்றில் கோபுரம் மேகத்தைத் தொட்டது. ஒன்றில் ஒரு தெரு அகலத்துக்குத் தூண்கள். ஒன்று பழைய தேவாலயத்தை வாங்கி மாற்றியது, ஒன்று கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அத்தனை கட்டடத்திலும், வெயில் எங்கே உதித்தாலும், கதிரையைப் போட்ட பக்கம் கிழக்கு. அத்தனையிலும் தரை பதித்தவன் ஒருவன் இருந்திருப்பான். அவர்களில் எத்தனை பேர் இப்படி நின்று திட்டு வாங்கினார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

வாட்சர் வாசலிலிருந்து சிரித்தான். “நீங்க மாத்தி வைக்கிறப்பவே பாத்தேன்ணே. நீங்கதான் ஒண்ணுமே கேக்கலையே.”

அவன் மேல் வந்த கோபம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

கொந்தராத்துக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெரியவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு இங்கிலீசில் ஒரு கடதாசி எழுதினார். கொந்தராத்துக்காரர் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

“ஒரு கையெழுத்துத்தானே பாஸ். வெச்சிட்டு வேலையப் பாருங்க.”

“என்னங்க எழுதியிருக்கு முதலாளி?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சொன்னதக் கேக்காம நீங்க பிழையா வெச்சிட்டீங்களாம். எடுக்கக்குள்ள கல்லு ஒடஞ்சா ஒங்கட பொறுப்பாம்.”

“கிழக்குன்னு சொன்னது நீங்கதானே?”

“எனக்கென்ன தெரியும் அவங்கட கெழக்கு? எனக்கு தொழுற பக்கம் கிப்லா தெரியும், அது போதும்.”

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்தக் கடதாசி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு டைல் கடை இருக்கிறது. டைல் வாங்க வருகிறவர்கள், நல்ல பாஸ் யார் என்று அங்கேதான் கேட்பார்கள். கடைக்காரர் என் நம்பரைத்தான் முதலில் கொடுப்பார். எனக்கு விளம்பரம் இல்லை, பேசி வேலை பிடிக்கவும் வராது. நான் பதித்த தரையை ஒருவரும் உடைக்க வைத்ததில்லை என்ற அந்தப் பெயர் ஒன்றுதான் என் சொத்து. அந்தக் கடைக்காரரும் கொந்தராத்துக்காரரும் மச்சான் முறை. பழைய கல்லைக் கெடுத்தவன் என்று நானே கையெழுத்து வைத்த கடதாசி ஒன்று இருந்தால், திங்கட்கிழமை அந்த நம்பரை வெட்டிவிடுவார்கள்.

“வைக்க மாட்டேங்க,” என்றேன்.

சின்னக் குரலில்தான் சொன்னேன். ஆனால் ரகசியம் பேசக் கட்டிய மண்டபம் அது. சொன்னது சுவர்களில் பட்டுப் பெரிதாகத் திரும்பி வந்தது. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

“அப்ப உம்மட சாமானை எடுத்துக்கொண்டு போம்,” என்றார் பெரியவர். “வேற ஆளைக் கூப்பிட்டு எடுப்பிப்பம்.”

வேறு ஆள் வந்தால் உளியை வைத்துத்தான் அடிப்பான். கல் நிச்சயம் வெடிக்கும், பழி எனக்குத்தான் வரும்.

“கல்லை நான்தாங்க எடுப்பேன். உடையாம எடுப்பேன். கையெழுத்து மட்டும் வைக்க மாட்டேன்.”

அவர்கள் பதில் சொல்வதற்குள் முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நின்று பேசத்தான் எனக்கு வராது. சுற்றியிருந்த டைல்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். சீமெந்து போட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, முழுதாக இறுகவில்லை. மெல்லிய கம்பியின் இரண்டு முனையிலும் கட்டை கட்டி, கல்லுக்கு அடியில் விட்டு, மரம் அறுப்பது போல இழுத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வாட்சரைப் பார்த்தேன். அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவன் வாசலை விட்டு நகரவில்லை. ஒரு முனையைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு மறுமுனையை நானே இழுத்தேன். கை கிழிந்தது. பெரியவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கல் எப்போது வெடிக்கும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் கல் அசைந்தது. ஒரு மூலை கூடச் சிதறவில்லை. பெரியவர் எழுந்து வந்து, குனிந்து, விரலால் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கப் பக்கத்து அறைக்குப் போனார். கொந்தராத்துக்காரரும் பின்னாலேயே போனார். எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதுச் சீமெந்து குழைத்துப் போட்டுச் சமப்படுத்தினேன். ஈரம் அப்படியே இருந்தது. ஆணியை எடுத்து, வெயில் வரும் சுவருக்கு நேராக ஓர் அம்புக்குறி கீறினேன். அதன் நுனியில் கிழக்கு என்று எழுதினேன். அதற்குக் கீழே, அவர்கள் கடதாசியில் கேட்ட கையெழுத்தைப் போட்டேன். என் பெயர் முழுதாக, ஐந்தாம் வகுப்பில் பழகிய அதே உருண்டை எழுத்தில். பிறகு அதன் மேல் கல்லை இறக்கி, தலையைக் கதிரைப் பக்கம் திருப்பி, ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்த்தேன்.

கொந்தராத்துக்காரர் அதற்குப் பிறகு என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. டைல் கடையில் என் நம்பர் இன்னும் முதலில்தான் இருக்கிறது. குண்டசாலையிலிருந்து வரும் பஸ் சில நாட்களில் சுற்றி அந்த ரோட்டால் ஏறும். ஜன்னல் இல்லாத அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மாதா மாதம் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறார்கள். என் பெயரை மிதித்துக்கொண்டுதான் தங்கள் கிழக்கைப் பார்க்கிறார்கள்.