நடந்து போன திருடர்கள்

கதிரின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. “சொல்லுங்க கதிர்” என்றேன். பேசியது வேறு குரல். “தம்பி, நான் கதிரோட அண்ணன். விருதுநகர் ஆஸ்பத்திரியில இருக்கேன். நெஞ்சுவலின்னு யாரோ கொண்டாந்து சேத்திருக்காங்க... நான் வர்றதுக்குள்ள போயிட்டான்” என்றார். அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை. கதிரே அதைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

கதிர் இயக்கிய ஒரே படத்தில் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் அந்த அண்ணன் தம்பி சண்டை தெரியும். சிவகாசியில் அப்பா விட்டுப்போன பட்டாசுக் கம்பெனியை அண்ணன் தலையில் கட்டிவிட்டு சினிமாவுக்கு வந்தவர் கதிர். எடுத்த படமோ, அப்பாவின் கம்பெனிப் பெட்டகத்தை இளைய மகன் கொள்ளையடிக்கிற கதை. அதில் அண்ணன்தான் வில்லன். ஊர் சும்மா இருக்குமா? படப்பிடிப்பு தொடங்குமுன்பே அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் ஒருதடவை அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர கதிருக்கு வேறு ஆசையே இல்லை.

குற்றப் படமென்றால் இரவு, மழை, தெருவிளக்கு என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். கதிர் சிரித்தார். “எங்க ஊர்ல பட்டாசு மருந்துக்குப் பக்கத்துல விளக்கு ஏத்த மாட்டாங்க, வெளிச்சம் போனா வேலையே கிடையாதுடா. திருட்டும் பகல்லதான்.” அப்படியே எடுத்தார். கரிசல் வெயில், அலுமினியத் தூள் படிந்த வெள்ளிக் கைகள், வேப்பமர நிழலில் ஆளில்லாத சைக்கிள்கள். படத்தொகுப்பில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கத்தில் நடப்பது போலிருக்கும்.

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் மூடிக் கிடந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் கொள்ளைக் காட்சி. நடிகர்கள் பையோடு வெளியே ஓடிவர வேண்டும். ஓடினார்கள். அதைப் பார்த்ததும் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அந்தப் பக்கம் ஒருவர் ஓடினால் தீப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மூச்சு வாங்க நின்ற ஓர் அக்கா கதிரைப் பிடித்துக்கொண்டார். “இந்த ஊருப் பிள்ளைதான நீக? இங்கன ஓடலாமா? ஈரக்கொலை நடுங்கிப்போச்சே!” கதிர் கைகூப்பி நின்றார். கண் கலங்கிவிட்டது. மறுநாள் அண்ணன் யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினார்: “இதக்கூடவா மறந்துட்டான்?”

கதிர் காட்சியை மாற்றினார். திருடர்கள் ஓடவில்லை, நடந்தார்கள். வெறுங்கால், கையில் பை, அவசரமே இல்லாத நடை. வெயிலில் மிதந்து போவது மாதிரி இருந்தது. கனவு போல எடுத்திருக்கிறார் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். “கனவுமில்ல கினவுமில்ல. திட்டு வாங்குன நடைடா அது” என்பார் கதிர்.

படம் வந்தது, போனது. அண்ணன் பார்க்கவில்லை.

கருமாதிக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது அண்ணன் என் கையைப் பிடித்தார். “தம்பி, அந்தப் படம் வச்சிருக்கீகளா?” கூடத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு மடிக்கணினியில் போட்டேன். வில்லனைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. “சட்டகூட என்னுது மாதிரியே மாட்டிவிட்டிருக்கான்” என்று லேசாகச் சிரித்தார். கொள்ளைக் காட்சி வந்தது. இளைய மகன் கள்ளச்சாவியைப் பெட்டகத்தில் நுழைத்தான். அண்ணன் திரையை நோக்கிக் குனிந்தார்.

“ஏலே, கேட்டிருந்தா சாவிய நானே குடுத்திருப்பேன்லே.”

அதற்குமேல் அவரால் பார்க்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கதிர், உங்கள் அண்ணன் உங்களோடு பேசிவிட்டார். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு பேச்சு என்னிடம் இருக்கிறது.