பல் சொன்ன வயது

சில வருடங்களுக்கு முன், தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிய வாரத்தில் இது நடந்தது. எங்கள் ஊர் எத்தாளை. கடலுக்குப் போன என் தம்பியின் படகு திரும்பி வரவில்லை. அவனுக்கு அப்போதுதான் பத்தொன்பது வயது. அதே காற்றில் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து போன இன்னொரு படகும் காணாமல் போனது. அதில் போனவர் நாற்பதைத் தாண்டியவர், பிள்ளைகுட்டிக்காரர்.

தேடிக் களைத்துப்போன நேரத்தில், கற்பிட்டிப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. நானும் வாப்பாவும் ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு ஓடினோம். மீன்கள் முகத்தை விட்டுவைத்திருக்கவில்லை. கைவிரல்களும் அப்படித்தான். உயரம் மட்டும் தம்பியின் உயரம். வாப்பா கால்மாட்டில் நின்று பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவற்றைத் தொட்டு அழுதபடி, "இது எண்ட மகன்தான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்படிப் படவேண்டும் என்று மனம் கெஞ்சியது.

அதற்குள் மற்றக் குடும்பமும் வந்துவிட்டது. "எண்ட மாப்புள்ளய எனக்குத் தந்துடுங்க" என்று அந்த மனிதரின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜனாஸாவை அடக்கம் செய்யத் தாமதிக்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். இரண்டு ஊரிலும் கபுறுக் குழி வெட்ட ஆட்கள் காத்து நின்றார்கள். இருந்ததோ ஒரே உடல்.

மரபணுப் பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றார்கள். அதனால் உடலின் தாடையை முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். பல் டொக்டர் ஒரு பெண், தமிழ் பேசுபவர். இரு குடும்பத்தையும் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். பல்லை ஒரு நிறத்திலும், அதற்குள் நரம்பு இருக்கும் வெற்றிடத்தை இன்னொரு நிறத்திலும் பிரித்து, இரண்டின் கனவளவையும் எடுத்திருந்தார்.

"இளம் வயசில இந்த இடம் பெரிசா இருக்கும், ஐயா. வயசு போகப் போக பல்லு உள்ளுக்க தடிச்சு இத மூடிக்கொண்டு வரும். பத்தொன்பது வயசுப் பொடியனுக்கு இவ்வளவு சுருங்கியிராது."

பிறகு தாடையைத் திருப்பி, எப்போதோ உடைந்து பொருந்திய ஒரு தடத்தைக் காட்டினார். அந்த மனிதரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓம், வள்ளம் தள்ளக்குள்ள அடிபட்டு ஒடஞ்ச தாடதான்…"

வாப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அப்ப எண்ட புள்ள எங்க?"

டொக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி உயிரோடு இருக்கலாம் என்று ஒரு கணம் என் நெஞ்சு துள்ளியது. அடுத்த கணமே, இத்தனை நாள் கடலில் யார் இருப்பார் என்று புரிந்தது. சற்று முன்வரை எங்களிடம் ஒரு ஜனாஸாவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வெளியே வந்ததும் வாப்பா அந்த மனைவியோடு வந்திருந்த அவளுடைய சகோதரனிடம் போனார். சண்டை பிடிப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"மகனெண்டு நெனச்சி அந்தக் கால்களத் தொட்டு அழுதிட்டன், தம்பி. சந்தூக்கத் தூக்க எனக்கும் ஒரு பக்கம் தருவீங்களா?"

அவன் வாப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் சந்தூக்குப் பெட்டியை வாப்பா குறிஞ்சிப்பிட்டி மையவாடிவரை தோளில் சுமந்தார். மண் போடும்போது மட்டும் அவரை நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

தம்பி கிடைக்கவே இல்லை. அவனுக்காக, உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு உம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை. "மையத்தக் காணாம எப்பிடித் தொழுவீங்க?" என்று கேட்பார். அந்த ஸ்கேன் இல்லாதிருந்தால், போய் நின்று துஆக் கேட்க எங்களுக்கு ஒரு கபுறு இருந்திருக்கும். வேறு யாரோ பிள்ளைகள் தங்கள் வாப்பாவைத் தேடிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர்களுக்காவது அந்த நிம்மதி கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாட்களில் அதுவும் முடிவதில்லை.