காய்ச்சல் கொண்டுபோன என் காதுகள்

போன மழைக்காலத்தில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கண் முழித்தபோது என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. சத்தமே இல்லை. நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அலறினேன். அந்த அலறலும் கேட்கவில்லை.

நான் கிரேஸ். நாசரேத்தில் பிறந்தவள், ஸ்கூல் டீச்சர். அதே பக்கத்துப் புதுக்கோட்டையில் குடியிருக்கிறோம்; ஜில்லாத் தலைநகர் இல்லை, துறைமுகத்துக்குக் கிட்டே இருக்கிற சின்ன ஊர். அவர் துறைமுகத்தில் சூப்பர்வைசர். ஒரே மகள் ஜெனி, மூன்றாம் வகுப்பு.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. ரோட்டில் இறங்கினால் பின்னால் லாரி வருகிறதா என்று தெரியாது. ஒருநாள் ஜெனி பாத்ரூமில் தாழ்ப்பாள் இறுகி மாட்டிக்கொண்டாள். கதவைத் தட்டித் தட்டி அழுதிருக்கிறாள். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து திறந்தபோது பிள்ளையின் கை சிவந்து வீங்கியிருந்தது. அதன்பிறகு அவளைத் தனியாக விடவே நடுங்கினேன்.

காது மெஷின் வைத்துப் பார்த்தோம். பிரயோஜனமில்லை. மதுரையில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு எழுதிக் காட்டினார்: "உள்காதில் எலும்பு வளர ஆரம்பித்துவிட்டது. முழுக்க அடைத்துவிட்டால் நரம்புக்கு நேராகச் சத்தம் அனுப்புகிற காக்ளியர் இம்பிளான்ட் கருவியின் வயர் உள்ளே போகாது. உடனே ஆபரேஷன் செய்யவேண்டும். போகுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்."

அன்றைக்கு ஜெபிக்க முழங்கால் போட்டேன். என் வார்த்தையே எனக்குக் கேட்காதபோது ஆண்டவருக்கு எப்படிக் கேட்கும் என்று தோன்றிவிட்டது. "அந்த வழியை மட்டும் அடைச்சிராதீங்க ஆண்டவரே" என்று அழுதேன். வேறு ஜெபம் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வயர் போய்விட்டது.

ஆனால் தையல் ஆறி, அந்த வயருக்குச் சத்தம் அனுப்புகிற மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டி ஓடவிட்ட அன்று இடிந்துபோனேன். கீச் கீச்சென்று ஏதோ கேட்டது. அவர் பேசியது விசில் மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. மூளை பழக நாளாகும், தினமும் பயிற்சி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்கும் பயிற்சி கொடுக்கிற பெண் எழுதிக் கொடுத்தாள். நான் நம்பவில்லை. ஆனாலும் ஜெனி விடவில்லை. நான் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொல்லுவாள். நான் தப்பாகவே சொல்லுவேன். அவள் திரும்பச் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் தனக்குத்தானே முனகினார்.

"இந்த உப்பு டப்பா எங்கன போச்சு?"

"மிக்ஸிக்குப் பின்னால பாருங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் அசையாமல் நின்றார். கண் நிறைந்திருந்தது.

"ஏளா, நீ என் வாயைப் பாக்கவே இல்லியே" என்றார்.

மீன் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் உட்கார்ந்தார். ஜெனி ஓடிவந்து எங்கள் இரண்டுபேருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். சமையல்கட்டிலேயே ஸ்தோத்திரம் பண்ணினோம்.

இப்போது மறுபடி வகுப்பெடுக்கிறேன். இரைச்சலில் இன்னும் தடுமாறுவேன். குளிக்க மெஷினைக் கழற்றினால் அந்த அமைதி வந்துவிடும். பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது காது போயிருந்தால் நாளைக் கடத்தாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஆண்டவரிடமும் போங்கள். தைரியம் வந்தபிறகு கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயந்துகொண்டே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.