சைக்கிள் கடை மாடி இங்கிலீஷ்

டியூஷன் வாத்தியார் தொழில் ஒரு மாதிரியானது: பையன் பாஸானால் அவன் மூளை, ஃபெயிலானால் வாத்தியார் லட்சணம். இதே தொழிலில் அடிபட்டவர்களுக்கும், எங்களைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கும்தான் இதைச் சொல்கிறேன். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

தபால்காரர் வருவார்

பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கார்டு வரும் வரை சும்மா இருப்பானேன் என்று ஆரணியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இங்கிலீஷ் டியூஷன் ஆரம்பித்தேன். கீழே பஞ்சர் ஒட்டுவார்கள், மேலே நான் கட்டுரை ஒப்பிக்க வைப்பேன். தபால்காரர், செய்தித்தாள், மழை நாள் என்று சில கட்டுரைகளை நானே எழுதி வைத்திருந்தேன். "இந்த வருஷம் தபால்காரர் வருவார்" என்று நான் சொன்னால் கேள்வித்தாளில் தபால்காரர் வந்து நிற்பார். ஊரில் எனக்கு 'கெஸ் சார்' என்றே பெயர்.

அரசாங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யைப் பத்தாம் வகுப்புக்கு இறக்கினார்கள். பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. இனிமேல் மனப்பாடம் செல்லாது, புத்தகத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வார்கள் என்று பேச்சு கிளம்பியது. மகனைச் சேர்க்கப் பக்கத்துத் திருமலை கிராமத்திலிருந்து வந்த சமண நயினார் ஒருவர், நிலபுலன் உள்ளவர், நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பாடத்துல இல்லாதத கேட்டா அது பரீட்ச இல்லீங்க சார், வம்பு."

மாமியார் போட்ட நிபந்தனை

அந்தக் குழப்பத்தில்தான் மரகதம் வந்தாள். பட்டு நெசவு செய்யும் வீட்டு மருமகள். கல்யாணத்துக்கு முன்னால் பழைய எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவள். நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலை காலியாக இருந்தது. பாஸ் என்று காட்டினால் அவளுக்குத்தான் என்று சங்கத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பழைய பாடத்திட்டத்துக்கு அந்த செப்டம்பரோடு மூடுவிழா. அதில் விட்டால் புதிய பத்தாம் வகுப்பை எல்லாப் பாடங்களோடும் முதலிலிருந்து எழுதவேண்டும். இரண்டு குழந்தைக்காரிக்கு அது நடக்கிற காரியமா?

கூடவே மாமியார் பச்சையம்மாள் வந்திருந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கலோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கே பரீட்சை நடக்கிறதோ என்று தோன்றியது. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்:

"இந்த ஒரு தபாதான் சார். அதுவும் தெருவுல பாவு போடற அன்னிக்கு கலெக்டரே வந்து கூப்ட்டாலும் அனுப்பமாட்டேன்."

தெருவில் ஒரு வகுப்பு

தேர்வு நெருங்கிய வாரத்தில் மரகதத்தைக் காணோம். கோபமாக அவள் தெருவுக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரம். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். அதுதான் பாவு. காய்ந்து சுருட்டும்வரை வீட்டில் ஒருவரும் அசையமுடியாது. மரகதம் இழை முடிந்தபடியே என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வந்தது வந்தாயிற்று, இங்கே நடப்பதை இங்கிலீஷில் சொல் பார்க்கலாம் என்றேன். "மை ஹஸ்பெண்ட் இஸ்..." என்று ஆரம்பித்து நின்றாள். நான் எடுத்துக்கொடுக்க, மெல்ல மெல்ல வந்தது. அதற்குள் யாரோ என் கையில் பாவுக் கோலின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டார்கள். சும்மா நிற்கிறவனை அந்தத் தெருவுக்குப் பிடிக்காது.

திடீரென்று மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் முகத்தில் விழுந்த அடுத்த நொடி தெருவே பறந்தது. கஞ்சி போட்ட பட்டு நனைந்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ். "ஹோல்ட் இட் டைட் சார்! ரெய்ன் இஸ் கமிங்! டோன்ட் ஸ்டாண்ட், ரன்!" என்று கத்தினாள் மரகதம். நான் எழுதிக்கொடுக்காத இங்கிலீஷ், அவளே சொன்னது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பாவை ஒருவழியாக வீட்டுக்குள் சேர்த்தோம். நான் தொப்பலாக நின்றேன். பச்சையம்மாள் பட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் ஒரு துண்டை நீட்டினார்:

"சாரு பாடம் இன்னா சொல்லித்தராரோ தெரியாது, ஓட்டம் ஜல்தியா ஓடறாரு."

தேர்வறை வாசலில்

இரண்டாம் தாள் அன்று பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தேன். மழை நாள் கட்டுரை வந்திருக்கிறது என்று, என்னிடம் படித்து அதே தேர்வை எழுதிய பையன்கள் குதித்துக்கொண்டு வந்தார்கள். என் மீசை தானாக மேலே போயிற்று. 'மழை நாள் மகிழ்ச்சியான நாள்' என்று தொடங்கும் கட்டுரை அது. பள்ளிக்கு விடுமுறை, காகிதக் கப்பல், கடைசியில் வானவில் என்று நான் உருட்டித் திரட்டிக் கொடுத்தது. மரகதத்துக்கும் தலைகீழ் மனப்பாடம்.

கடைசியாக வந்தவள், அதை எழுதவில்லை என்றாள். மழை வந்ததும் தெருவே அலறியதை, பாவைச் சுருட்டியதை, வாத்தியார் வேட்டியோடு ஓடியதை எழுதினாளாம். மழை நாள் மகிழ்ச்சியான நாள் என்றுதானே ஊர் உலகமே எழுதுகிறது? திருத்துகிறவர், கேள்வியே புரியாதவள் என்று முட்டை போட்டுவிட்டால்? சங்கத்து வேலை, பழைய பாடத்திட்டம், எல்லாம் அன்றோடு சரி. ஆத்திரத்தில், கொடுத்ததை எழுதினால் என்ன கேடு என்று கத்தியே விட்டேன். மரகதம் நிதானமாகச் சொன்னாள்:

"மழ வந்தா பாவு நனைஞ்சிபூடும் சார். அதுல இன்னா சந்தோஷம்னு எழுதறது?"

பேப்பர் வந்த காலை

அதற்கப்புறம் என் தூக்கம் போயிற்று. வாத்தியார் நான் பேஜாரில் கிடக்க, எழுதியவள் நிம்மதியாகத் தறியில் உட்கார்ந்திருந்தாள். ரிசல்ட் வரும் நாளில் முதல் பஸ்ஸில் வந்த பேப்பர் கட்டைப் பிரிக்கும்போதே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் நம்பர் இருந்தது. மறுபடி பார்த்தேன். இருந்தது. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

கீழ்க் கடையில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் பறந்தேன். அன்றும் யாரோ பாவு போட்டிருந்தார்கள். மரகதம் பேப்பரை வாங்கி நம்பரில் விரலை வைத்தவள், நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிற்பாடு மதிப்பெண் பட்டியல் வந்தபோது, காகிதக் கப்பல் விட்ட என் பையன்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம். அதெல்லாம் தெரிவதற்கு முன்பே, அன்று காலையே, பச்சையம்மாள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி அறிவித்துவிட்டார்:

"ஊரே மழைய கொஞ்சிகினு இருந்திச்சி, எம் மருமவ திட்டியே பாஸாயிட்டா!"

அரசாங்கம் அதற்கப்புறமும் எத்தனையோ தடவை பாடத்திட்டத்தை மாற்றிவிட்டது, நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: மழை நாள் கட்டுரை கேட்டு வருகிறவர்களிடம், முதலில் உங்கள் வீட்டில் என்ன தொழில் என்று விசாரித்துவிடுகிறேன்.