மகள் குளிக்கும்போது மட்டும் அணைந்த கீசர்

மகள் பிரசவம் முடிந்து எங்கள் பேகம்பூர் வீட்டுக்கு வந்த பிறகு, குளியலறையில் மாட்டியிருந்த கேஸ் கீசரை ஜென்ம விரோதியைத் திட்டுவது போலத் திட்ட ஆரம்பித்தேன். முதல் வாளி கொதிக்கக் கொதிக்க வரும். அடுத்த வாளி பாதியிலேயே பச்சைத் தண்ணீராகிவிடும். உள்ளேயிருந்து "அம்மா, மறுபடியும் அணைஞ்சிருச்சு" என்று அவள் கத்துவாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டு ஜன்னி கண்டுவிட்டால் யார் பதில் சொல்வது?

அந்தப் பயத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். கீசரின் பேட்டரியை மாற்றினேன். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் அடைத்திருக்கும் என்று வடிகட்டியைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். அவள் குளிக்கிற நேரத்தில் வீட்டில் வேறு குழாயை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். பாவம், என் வீட்டுக்காரர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கக்கூடப் பள்ளிவாசலுக்குத்தான் போனார்.

அவர் தன் பங்குக்கு ஒரு சோதனை செய்வார். குளியலறைக் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு வாளி வாளியாக நிரப்புவார். ஒரு தடவைகூட அணையாது.

"நல்லாத்தான எரியுது? நீ எல்லாத்துக்கும் பதறுற" என்பார்.

"அப்ப எம்மக பொய் சொல்றாளா?" என்று நான் பாய்வேன். மெக்கானிக்குக்கு போன் போட்டால், "நாளைக்கு வாரேன்க்கா" என்பார். அந்த நாளை வந்தபாடில்லை.

இதற்கிடையே, குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். ரத்தம் குறைவு, தூக்கம் இல்லை என்று நாங்களே முடிவு கட்டி, ஈரலும் சூப்புமாகச் செய்து கொடுத்தோம்.

அன்று காலை பேத்தியைத் தாத்தா மடியில் போட்டுவிட்டு அவள் குளிக்கப் போனாள். கேஸ்தான் தீரப்போகிறதோ என்று சந்தேகப்பட்டு நான் கொல்லைப்பக்கம் போனேன். கீசருக்கான சிலிண்டரை வெளிச்சுவர் ஓரத்தில்தான் வைத்திருக்கிறோம். அசைத்துப் பார்த்தேன், கனமாகவே இருந்தது. நிமிர்ந்தால் நேர் மேலே குளியலறை ஜன்னல். அதில் என் பழைய நூல்சேலை திணித்திருந்தது. மகளுக்குக் காற்று பட்டுவிடக் கூடாது என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இண்டு இடுக்கு விடாமல் நானே அடைத்தது. கதவடியிலும் சாக்கை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அவர் கதவைத் திறந்துவைத்தால் எரிகிறது. இவள் சாத்திக்கொண்டால் அணைகிறது. நெருப்புக்கே காற்று பற்றாத அறைக்குள் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தலைவலியும் கிறுகிறுப்பும் ரத்தக் குறைவால் வந்ததில்லை. சேலையை உருவி எறிந்துவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

உள்ளே ஓடி இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். "என்னம்மா..." என்று குழறலாக ஒரு குரல் வந்தது. அதன் பிறகு தாழ்ப்பாள் விலகுவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். பாவாடையை மாரோடு கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள். கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. கையில் கிடைத்த போர்வையைச் சுற்றி, அவளைத் தாங்கி இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து துணி துவைக்கிற கல்லில் உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தாள்.

என் அலறல் கேட்டுப் பிள்ளையும் கையுமாக அவர் ஓடி வந்தார்.

"பச்ச உடம்புக்காரிய இப்பிடியா ஈரத்தோட உக்கார வைப்ப? காத்து அடிக்குது, உள்ள கூட்டிட்டு வா!"

"அடிக்கட்டும். நல்லா அடிக்கட்டும். நீங்க ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று கத்தினேன்.

மகள் மெல்ல மூச்சை இழுத்துவிட்டு, "குளிருதும்மா" என்றாள். நான் போர்வையை அவள் முகத்திலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இழு தாயி, நல்லா இழு" என்று கெஞ்சினேன்.